காருண்யப் பட்டியல்

"பேரு தெரியாம செத்துப்போனவாளுக்குப் பசிச்சா, அவா யாரைப்பா கூப்பிடுவா?"

மஹாலக்ஷ்மி ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. கல்லிடைக்குறிச்சியில் அவர்கள் வீடு ஆற்றுக்குப் போகும் தெருவில் இருந்தது. அன்று காலை படித்துறையில் ஒரு பிணம் ஒதுங்கியிருந்தது. யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. குளிக்க வந்த யாரோ தன் துண்டை எடுத்து அதன் முகத்தை மூடியிருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை அதைப் பார்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து, தட்டில் சாதம் விழுந்ததும் கேட்டது.

அப்பா வைத்தி புரோகிதர். ஊரில் முக்கால்வாசி வீடுகளுக்குத் திவசம் செய்து வைப்பவர் அவர்தான். உறவில்லாத ஆத்மாக்களுக்காக இரக்கப்பட்டு யார் வேண்டுமானாலும் எள்ளும் தண்ணீரும் விடலாம், அவர்களைக் காருண்ய பித்ருக்கள் என்பார்கள் என்று சொல்லத் தொடங்கினார். யார் விடுவார்கள் என்று குழந்தை மறுபடியும் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். அம்மா பாலாம்பாள் கேட்டுக்கொண்டே பரிமாறினாள். அவள் உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தாள். மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கேள்வி சுகன்யாவின் காதுக்கு வந்து சேர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அப்போது பாலாம்பாள் உயிரோடு இல்லை.

சுகன்யா ஆற்றுக்கு வடகரையில், அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். மகாளய பட்சம் பாதிக்கு மேல் கடந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கணினியை மடியில் வைத்துக்கொண்டு வைத்தி இறங்கினார். காலடியில் ஒரு பிரிண்டர் இருந்தது. பக்கத்துத் தையல் கடை இசக்கிதுரை மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"என்ன சாமி, கம்ப்யூட்டருக்கும் திவசம் குடுக்கப் போறியளா?"

வைத்தி கோபப்படவில்லை. "இதுக்கு உசிர் வரலேன்னாதாம்ப்பா இன்னொருத்தருக்குத் திவசம் நின்னுபோயிடும்" என்றார். இசக்கிதுரை அதற்கு மேல் சிரிக்கவில்லை. இறங்கி வந்து பிரிண்டரைத் தூக்கிக் கொடுத்தான்.

நடந்ததை வைத்தி மெதுவாகச் சொன்னார். ஒன்பது நாளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை கிரகணம். கிரகணம் பிடிப்பதற்கு முன் வழக்கம்போல் தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் அரிசிப் பானையிலும் தர்ப்பை போட்டார். கம்ப்யூட்டர் மேலும் ஒரு தர்ப்பை போட்டுவிட்டு, அதை அணைக்கும் பொத்தானை அழுத்தினார். அது அணையவில்லை. அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது, அணைக்க வேண்டாம் என்று திரையில் எழுத்து வந்தது. முப்பது சதவீதம் என்று காட்டியது. அவர் சற்று நேரம் நின்று பார்த்தார். கிரகண காலத்தில் வீட்டில் எந்த யந்திரமும் ஓடக் கூடாது என்பது அவர் அப்பா காலத்து வழக்கம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து கணினி விழிக்கவில்லை. சரிசெய்கிறேன் என்று சொல்லும், அரை மணி நேரம் சுற்றும், நீலத் திரை வரும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். புனேயில் வேலை பார்க்கும் மஹாலக்ஷ்மி இரண்டு நாள் போனிலேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒரு கடையில் காட்டினார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். வைத்தி கணினியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அதுல என்ன இருக்கு சாமி?" என்று சுகன்யா கேட்டாள்.

அப்போதுதான் அவர் மகள் கேட்ட கேள்வியையும் அந்த நாற்பது பக்க நோட்டையும் பற்றிச் சொன்னார்.

ஆற்றில் யாரென்று தெரியாத உடல் ஒதுங்கினால் பாலாம்பாள் போய் நிற்பாளாம். போலீஸ்காரரிடம் அடையாளம் கேட்டு எழுதிக்கொள்வாளாம். அன்று என்ன திதி என்று வைத்தியிடம் கேட்டுக் குறித்துக்கொள்வாள். அடுத்த வருடம் அதே திதி வரும்போது அவர் கையில் எள்ளைக் கொடுத்து அனுப்புவாள். நோட்டு கிழியத் தொடங்கியதும் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினாள். அதற்குக் காருண்யம் என்று பெயர் வைத்தாள். மஹாலக்ஷ்மி அம்மாவுக்காக ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தாள். திதிக்கு முந்திய நாள் காலை ஆறு மணிக்குப் பிரிண்டர் தானாக ஒரு சீட்டு அடித்துத் தரும்.

பிறகு பாலாம்பாளுக்கு வயிற்றில் நோய் வந்தது. படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் வரும் வருடங்களுக்கான தேதிகளையெல்லாம் கணக்கிட்டுக் கேட்டுக் கேட்டு ஏற்றினாள். போய்ச் சேர்ந்தாள்.

"அவ போய் இருபது மாசம் ஆறதும்மா. சீட்டு மட்டும் நிக்கலே. விடியக்காலம்பற நான் பூஜையிலே இருப்பேன். ஆளில்லாத ரூம்லே பிரிண்டர் முனகும். முதல் தடவை பூஜையைப் பாதியிலே விட்டுட்டு எழுந்தேன். போய்ப் பார்த்தா, நாளைக்கு சப்தமி, ஒரு பொண்ணு, பேர் தெரியாதுன்னு வந்திருக்கு. அவளே வந்து ஞாபகப்படுத்திட்டுப் போறாப்போல இருந்தது."

 அந்த நோட்டு எங்கே என்று சுகன்யா கேட்டாள்.

வைத்தி தலையைக் குனிந்துகொண்டார். பித்ருக்களைப் பற்றி எழுதிய காகிதத்தைக் குப்பையில் போடக் கூடாது. கணினியில் ஏற்றி முடித்ததும் நோட்டை மஞ்சள் துணியில் கட்டி ஆற்றில் விட்டுவிட்டார். சீட்டுகளையும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் தர்ப்பணம் முடிந்ததும் தர்ப்பையோடு சேர்த்துத் தண்ணீரில் விட்டுவிடுவார்.

"போன வருஷம் இந்த மகாளய பட்சத்துக் கடைசியிலே ஒரு சீட்டு வந்தது. நன்னா ஞாபகம் இருக்கு. ஆனா யாருக்கு, என்னைக்குன்னு சுத்தமா மறந்துபோயிடுத்து. அமாவாசைக்கு இன்னும் அஞ்சு நாள்தான். அதுக்குள்ள ஒருத்தர் வந்து காத்துண்டு நிப்பார்."

அமாவாசையன்று எல்லோருக்கும் சேர்த்து விட்டால் போதாதா என்று அவள் கேட்டாள். போதும் என்றுதான் சாஸ்திரம் சொல்லும் என்றார் அவர். "ஆனா ஒருத்தரை நாள் சொல்லி இத்தனை வருஷம் கூப்பிட்டுட்டு, இந்த வருஷம் மட்டும் ஊரோட பந்தியிலே உக்காந்துக்கோன்னு சொன்னா, அவருக்கு முகம் வாடாதா?"

 சுகன்யாவுக்கு வேறு ஒன்று தோன்றியிருந்தது. ஆற்றில் ஒதுங்கிய ஆட்கள். நாள், இடம், அடையாளம். இருபது வருடப் பட்டியல்.

அவள் அப்பா முத்துமாலை வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. லாரியில் வாழைத்தார் ஏற்றும் வேலை செய்தவர். இதே புரட்டாசி தொடக்கத்தில், புனலூர்ப் பக்கம் வேலை இருக்கிறது, ஒரு மாதத்தில் வருகிறேன் என்று விடியற்காலையில் பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பவில்லை. தாய்மாமன் இரண்டு முறை புனலூருக்குப் போய்த் தேடிவிட்டு வந்தார். கேரளத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊரில் சொன்னார்கள். ஆற்றில் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அம்மா தங்கத்தாய் கழுத்தில் தாலி இன்னும் கிடந்தது.

வைத்தி போன பிறகு சுகன்யா கணினியைத் திறந்தாள். மேல் ஓட்டையில் காய்ந்த தர்ப்பைப் புல் ஒன்று செருகிக் கிடந்தது. அதை எடுத்து எறிய மனம் வராமல் மேசை ஓரத்தில் வைத்தாள்.

அவளுக்குத் தொழிலில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. முதலில் பிரதி, அப்புறம்தான் வைத்தியம். நோயாளிக் கணினியில் எதையும் மாற்றுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் அப்படியே இறக்கிவிட வேண்டும். அவசரப்பட்டுக் கை வைக்கும்போதுதான் ஆட்களின் படங்களும் கடிதங்களும் போகின்றன. இரண்டாவது, பிறருடைய கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். அடுத்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்து பானையைத் திறப்பது போன்றது அது என்பாள்.

பென்டிரைவில் வைத்திருந்த வேறொரு இயங்குதளத்தைக் கொண்டு கணினியை எழுப்பினாள். வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்கையில் பின்வாசல் வழியாக உள்ளே போவது போல. உள்ளே எல்லாம் இருந்தது. பாலாம்பாள் என்ற பெயரில் ஒரு கணக்கு. அதில் இரண்டு ஃபோல்டர்கள். ஒன்று திதி, இன்னொன்று காருண்யம். காருண்யம் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் என்று கிரகணத்தன்று காலை ஆறு மணியைக் காட்டியது.

இறந்து இருபது மாதமான பெண்ணின் கோப்பு. சுகன்யா நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள். வெளியே பட்டப்பகல், பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மஹாலக்ஷ்மியின் நிரல் தினமும் காலையில் பட்டியலைத் திறந்து பார்த்துக் குறி வைக்கும், அவ்வளவுதான் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்த பிறகும் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பது போன்ற உணர்வு போகவில்லை.

திதி ஃபோல்டர் சுலபமாக இறங்கியது. காருண்யத்தைத் தொட்டதும் பழைய டிஸ்க் உள்ளிருந்து டக், டக் என்று தட்டத் தொடங்கியது. பூட்டிய கதவை உள்ளே இருந்து விரல் கணுவால் தட்டுவது போல இருந்தது. பத்து நிமிடம் தட்டிவிட்டு, படிக்க முடியவில்லை என்று எழுத்து வந்தது.

அவள் உடனே மின்சாரத்தை நிறுத்தினாள். உண்மையைச் சொன்னால், அந்த எழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. டிஸ்க் போய்விட்டது சாமி என்று சொல்லிவிடலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். பட்டியலும் இல்லை, அதில் அப்பா இருக்கிறாரா என்ற கேள்வியும் இல்லை. அம்மா இருக்கிறபடியே இருப்பாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். வீடு ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் தங்கத்தாய் ஆற்றுப் பக்கம் போவதில்லை. தெருக்குழாயில் கால் கடுக்க நின்று தண்ணீர் பிடித்துத்தான் குளிப்பாள், துவைப்பாள். மற்ற பெண்கள் கேலி செய்தால் முட்டி வலி என்பாள். பதினோரு வருடமாக அந்த முட்டி வலி.

அன்று செவ்வாய்க்கிழமை. வாராவாரம் செய்வதைப் போலவே, மூலையில் இருந்த இரும்புப் பெட்டியின் பூட்டுக்கு அவள் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். முத்துமாலையின் பெட்டி. சாவி அவர் இடுப்புக் கயிற்றில் இருந்தது. உடைத்துத் திறக்கலாம் என்று சொன்னவர்களைத் தங்கத்தாய் வீட்டுக்குள் விடவில்லை. பூட்டின் பித்தளையில் 417 என்று எண் வெட்டியிருந்தது. சிறு வயதில் சுகன்யா எண்கள் படிக்கக் கற்றதே அந்தப் பூட்டில்தான்.

"துரு ஏறிட்டுன்னா அவிய வந்து தொறக்க முடியாதுல்லா" என்றாள் தங்கத்தாய், கேட்காத கேள்விக்குப் பதிலாக.

சுகன்யா சாப்பிட உட்கார்ந்தாள். சோற்றில் கை வைத்ததும் அந்தக் குழந்தையின் கேள்வி நினைவுக்கு வந்தது. யாரைக் கூப்பிடுவார்கள்? அப்பா அந்தப் பட்டியலில் இல்லாமலே போகலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதில் இருப்பவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய அப்பா. யாரோ ஒருவருடைய வீட்டிலும் இப்படி ஒரு பூட்டு இருக்கும். தான் பயப்படுவதற்காக அத்தனை பேரையும் பட்டினி போட முடியுமா? சோற்றைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு எழுந்தாள்.

புதன்கிழமை காலை சீக்கிரமே கடையைத் திறந்தாள். குளத்தங்கரைப் பிள்ளையாருக்குப் போட்ட விபூதியை நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிஸ்க் இரவெல்லாம் ஆறியிருந்தது. இந்த முறை ஃபோல்டரைக் கேட்கவில்லை. டிஸ்க்கின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய் மீண்டும் மீண்டும் திரும்பி வந்து கேட்கும் ஒரு நிரலை ஓட விட்டாள். நோயாளிக்குச் சங்கில் பால் புகட்டுவதைப் போன்ற வேலை. அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். அவள் மேசை விசிறியை டிஸ்க்கின் பக்கம் திருப்பி வைத்தாள்.

டக், டக் என்று தட்டும் சத்தம் இரண்டு மணி நேரம் கேட்டது. இசக்கிதுரை டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, உள்ளே யாரை அடைச்சு வச்சிருக்க என்று கேட்டுவிட்டுப் போனான். பதினோரு மணிக்குச் சத்தம் நின்றது. சுகன்யா பயந்துகொண்டே திரையைப் பார்த்தாள். விடுபட்டது எதுவும் இல்லை. காருண்யம் முழுதாக வந்திருந்தது. ஒரே கோப்பு. முப்பத்தெட்டு கிலோபைட். ஒரு கைக்குழந்தையின் புகைப்படத்தைவிடச் சின்னது.

அவள் அதைத் திறக்கவில்லை. விரல் சுட்டியின் மேல் இருந்தது.  பிறகு எடுத்துவிட்டாள்.

மீட்ட பிரதியைப் புதிய டிஸ்க்கில் ஏற்றிக் கணினிக்குள் பொருத்தினாள். பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி ஒதுக்கி வைத்தாள். இனி எது தவறினாலும் மீண்டும் தொடங்கலாம். பாதியில் நின்றுபோன அப்டேட்டைப் பழுதுநீக்கும் திரை வழியாகக் கழற்றினாள். சிதைந்த அமைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மாற்றினாள். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தால் பாலாம்பாளின் சீட்டு அடிக்கும் ஏற்பாடும் அழிந்திருக்கும். அதனால் வீட்டை இடிக்காமல் விட்டத்தை மட்டும் மாற்றுகிறவளைப் போல வேலை செய்தாள். பிரிண்டரையும் இணைத்து, நாலைந்து தாளை வைத்து, கணினியை எழுப்பினாள்.

மணி பன்னிரண்டே முக்கால். நீலத் திரை வரவில்லை. வட்டம் சுற்றியது, நின்றது. பாலாம்பாள், நல்வரவு என்று எழுத்து வந்தது.

 சுகன்யா வைத்திக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். அப்போது அவள் தொடாமலே பிரிண்டர் முனகத் தொடங்கியது.

அவள் போனைக் கீழே வைத்தாள். காலையில் தவறிப்போன வேலையைக் கணினி விழித்ததும் செய்து முடிக்கும்படி மஹாலக்ஷ்மி எழுதியிருப்பாள் என்று அறிவு சொன்னது. அறிவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு தாள் மெதுவாக, தயங்கித் தயங்கி, அவளை நோக்கி வெளியே வந்தது.

நாளை துவாதசி.
ஆண். நாற்பத்தைந்து வயது இருக்கலாம்.
ஆற்றுப் பாலத்துக்குக் கீழே, மூன்றாவது தூண்.
சட்டையில் வாழைக்கறை. இடுப்புக் கயிற்றில் ஒரு பித்தளைச் சாவி. எண் 417.
பெயர் தெரியாது. பசித்திருப்பார்.

சுகன்யா நின்றபடியே அதை நான்கு முறை படித்தாள். அப்பா எங்கே பயணம் போனாலும் ஆற்றில் ஒரு முங்கு போட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவார். அது அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவர் புனலூருக்குப் போகவே இல்லை. ஆற்றை விட்டுக் கரையேறவே இல்லை. யாரையும் விட்டுவிட்டும் போகவில்லை.

அழுகை வந்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த அழுகை இல்லை. பதினோரு வருடமாக அவர் எங்கே சாப்பிட்டிருப்பார் என்று நினைத்து நினைத்து வந்த அழுகை வேறு. அவர் பட்டினியாக இருக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், முன்பின் தெரியாத ஒரு பெண், வருடம் தவறாமல் அவரை நாள் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். செத்த பிறகும் கூப்பிட்டிருக்கிறாள்.

அரை மணி நேரத்தில் வைத்தி வந்துவிட்டார். சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படித்ததும் முகம் தெளிந்தது.

"இவரா! போன வருஷமும் சாவிக்காரர்னுதான் மனசுல நெனச்சுண்டு விட்டேன். பேர் தெரியாதவாளுக்கு அப்படித்தான், அடையாளத்தைச் சொல்லிப்பேன். இப்போ ஞாபகம் வரது பாரு." நாளைக்குத் தர்ப்பணம், இன்று இரவு சோறு இல்லை, பலகாரம் மட்டும்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பட்டியலை இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தாள் சுகன்யா. ஒன்று வீட்டில் இருக்கட்டும், ஒன்றை மகளுக்கு அனுப்புங்கள், இதையாவது ஆற்றில் விட்டுவிடாதீர்கள் என்றாள். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் படி இறங்கும்போது அவள் கூப்பிட்டாள்.

"சாமி. நாளைக்குத் தண்ணி விடும்போது, சாவிக்காரர்னு சொல்லாண்டாம். முத்துமாலைன்னு சொல்லுங்க."

வைத்தி திரும்பிப் பார்த்தார்.  எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டில் பெயர் தெரியாது என்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கத்தாய் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்று புதன்கிழமை. எண்ணெய் போடும் நாள் இல்லை.

"ஏட்டி, மத்தியானம் சித்த கண்ணசந்தேன். உங்கய்யா வந்து வாசல்ல நிக்காவ. தலையெல்லாம் ஈரம். சாவியத் தொலச்சிட்டேன் தங்கம், பூட்டுக்கு எண்ண போடாதன்னு சொல்லுதாவ."

எத்தனை மணிக்கு என்று சுகன்யா கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டில் இருந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தங்கத்தாய் கேட்டுக்கொண்டே பூட்டின் எண்ணை விரலால் தடவினாள். 

"நான் ஏன் ஆத்துக்குப் போறதில்லன்னு நெனச்ச? முட்டி வலின்னா? எனக்கு எங்கனயோ தெரியும்ட்டி. தெரிஞ்சத வாயால சொல்லத்தான் தைரியம் இல்ல." பிறகு கேட்டாள்: "அந்தம்மா பேரு என்ன?"

"பாலாம்பாள்."

தங்கத்தாய் அந்தப் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பெட்டியை உடைக்கட்டுமா என்று மகள் கேட்டபோது, வேண்டாம், சாவி அவர்களிடமே இருக்கட்டும் என்றாள். தாலியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மறுநாள் துவாதசி. வைத்தி படித்துறையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, பிறகு தெற்கே திரும்பி எள்ளும் தண்ணீரும் விட்டார். அம்மாவும் மகளும் நாலு படி மேலே நின்றார்கள். முத்துமாலை என்ற பெயர் தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. முடிந்ததும் தங்கத்தாய் புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, பைய இறங்கி, பதினோரு வருடத்துக்குப் பிறகு ஆற்றில் கால் வைத்தாள்.

மகாளய அமாவாசையன்று ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். சுகன்யா அன்று போகவில்லை. அமாவாசைக்கு மறுநாள் பிற்பகல், கடையைச் சாத்திவிட்டுப் பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்தாள். பித்ருக்கள் எல்லோரும் திரும்பிப் போயிருக்க வேண்டிய நாள் அது. படித்துறையில் ஒருவரும் இல்லை. படிகளில் எள் ஒட்டிக் கிடந்தது. வாழை இலை ஒன்று தண்ணீரில் மடங்கி மடங்கி அசைந்தது. மூன்றாவது தூணின் நிழல் கரை வரை நீண்டிருந்தது. அந்த நிழலின் ஓரத்தில் தண்ணீர் மட்டும் சுழியில்லாமல், யாரோ நிற்பதைப் போல, அசையாமல் இருந்தது. அவள் பயப்படவில்லை.

பெண் பிள்ளைகள் தர்ப்பணம் செய்யும் வழக்கம் இல்லை. அவளுக்கு மந்திரமும் தெரியாது. பாலாம்பாளுக்கு வைத்தி செய்வார், மஹாலக்ஷ்மி நினைத்துக்கொள்வாள். அந்த அம்மாள் யாரும் இல்லாதவள் இல்லை. ஆனாலும் கொடுக்க வேண்டியது ஒன்று இருந்தது. சுகன்யா முந்தானையில் முடிந்து வந்த எள்ளைக் கையில் கொட்டினாள். கணினி மேலிருந்து எடுத்து வைத்திருந்த அந்தக் காய்ந்த தர்ப்பையையும் விரலிடுக்கில் வைத்துக்கொண்டாள். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி, மூன்று முறை விட்டாள்.

"பாலாம்பாளம்மா" என்றாள், தண்ணீருக்கு மட்டும் கேட்கும்படி. "பசிச்சா என்னையக் கூப்பிடுங்க."

தர்ப்பை கையிலிருந்து நழுவி, தூணின் நிழலைக் கடந்து, கிழக்கே போயிற்று.